உலகச் சவால்களுக்கு ஆள் பிடித்த கதை

நம் பல்கலைக்கழகத்தின் பொது விரிவுரைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்று வீட்டில் கிடப்பவனிடம் இப்படிக் கேட்பது சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் வேலை. ஊதிவிட்டீர்கள், இனிச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஒலிவாங்கியை எப்படிச் சோதிப்பது, அழைப்பிதழில் பீடாதிபதியின் பட்டங்களை எந்த ஒழுங்கில் போடுவது, பிரதம விருந்தினருக்கு எந்தப் பக்கக் கதிரை என்பதெல்லாம் ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் இந்தப் பிரிவில் இருந்த காலத்தில் மனிதகுலம் பதினெட்டுத் தடவை அழிவின் விளிம்புக்குப் போய், ஒவ்வொரு தடவையும் நன்றியுரையோடு திரும்பி வந்தது. எல்லாத் தடவையும் பின்னேரம் நாலு மணிக்கு முன்னமே வந்துவிட்டது, ஏனென்றால் நாலரைக்கு மண்டபச் சாவியைக் காவலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். உணவு நெருக்கடி, நீர் நெருக்கடி, சூடேறும் பூமி, உயரும் கடல் என்று எங்கள் வாவிக் கரையில் நாங்கள் அலசாத சவால் இல்லை. அலசியது மட்டுந்தான்.

முதலில் ஒரு சின்னக் கதை. அது நடக்காவிட்டால் பெரிய கதையும் நடந்திருக்காது.

சுனாமி வந்துபோய் ஐந்தாறு மாதம் இருக்கும். அப்போது எங்கள் கரைக்கு நிபுணர்கள் வந்த வேகத்தைப் பார்த்தால் கடலே வெட்கப்பட்டிருக்கும். அப்படி வந்த ஒருவர், கடல்களைப் பற்றி நிறையப் படித்தவர், களுவாஞ்சிக்குடியில் ஒரு மண்டபத்தில் ‘மாறிவரும் கடலும் நாளைய மனிதனும்’ என்று பேசச் சம்மதித்தார். மண்டபம் கொள்ளாத சனம். பாதிப் பேர் வீட்டில் ஆள் இழந்தவர்கள். கடல் ஏன் அப்படிச் செய்தது என்று படித்தவர் வாயால் கேட்க வந்திருந்தார்கள். அது நியாயமான ஆசை.

நிபுணர் ஒரு படம் கொண்டுவந்திருந்தார். “விளக்கை அணையுங்கள், ஒலியைக் கூட்டி வையுங்கள்” என்றார். என்ன படம் என்று நான் கேட்கவில்லை. பெரிய மனிதரிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்தேன். விளக்கை அணைத்தேன், ஒலியைக் கூட்டினேன். இருட்டில் திரை முழுக்க ஒரு அலை எழும்பிற்று. அதன் இரைச்சல் ஆறு பெரிய ஒலிபெருக்கிகள் வழியாக வந்தது.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் “கடல் வருகுது!” என்று குளறிக் கத்தியது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு கதிரைகள் விழுகிற சத்தம் மட்டுந்தான். விளக்குச் சுவிட்சைத் தேடி நான் சுவரைத் தடவிக்கொண்டிருந்தபோது சனம் கடலுக்கு எதிர்ப்புறமாக வாவிப் பக்கம் பார்த்து ஓடிற்று. வெளிச்சம் வந்தபோது மண்டபத்தில் நானும் நிபுணரும் யாரோ விட்டுப்போன ஒரு கைக்கடிகாரமும் இருந்தோம். மனிதகுலம் அஞ்சாமல் முகங்கொடுக்க வேண்டும் என்று தொடக்கவுரையில் சொன்ன பீடாதிபதி கழுத்து மாலையோடு பிரதான வீதியைத் தாண்டியிருந்தார். நிபுணர் என்னிடம் மெதுவாக, “தேநீர் இடைவேளையா?” என்று கேட்டார்.

சிரிக்கலாம், நானும் பலமுறை சிரித்திருக்கிறேன். ஆனால் அன்று வாசற்படியில் விழுந்த ஒரு முதியவருக்கு மணிக்கட்டு முறிந்தது. சுனாமியில் பிள்ளையைக் கை நழுவவிட்ட தாய் ஒருத்தி வீதியோரம் இருந்து இல்லாத பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேச்சாளரின் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று முதல்நாளே பாருங்கள், வெட்கப்படாதீர்கள். அறிக்கையில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘விரிவுரை பார்வையாளர்களிடையே ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது.’ எங்கள் பிரிவின் பணிப்பாளர் வாசித்துவிட்டு, மொழிநடை நன்றாக இருப்பதாகப் பாராட்டினார்.

அதோடு எங்கள் கூட்டங்களுக்குச் சனம் வருவது நின்றது. பல்கலைக்கழகத்துக் கூட்டத்துக்குப் போனால் கடல் வரும் என்று ஒரு கதை பரவிற்று. மண்டபத்தில் கதிரைகளும் விரிவுரையாளரின் உறவினர்களும் மட்டும் மிஞ்சினார்கள். இதற்கிடையில் ‘மனிதகுலத்தின் எதிர்காலம்’ என்ற தொடருக்கு வெளிநாட்டு நிதியம் ஒன்று உதவ முன்வந்திருந்தது. அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பார்வையாளர்களில் பெரும்பகுதி பாதிக்கப்பட்ட சமூகத்தின் குடும்பப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அதற்குப் படம் வேண்டும்.

எங்கள் பணிப்பாளர் கெட்ட மனிதர் அல்ல. படத்தை மட்டும் நம்பிய மனிதர். “கதிரை வெறுமையா இருந்தா படத்தில சுவர் தெரியும்” என்பது அவருடைய வேதவாக்கு. பேச்சு எப்படியும் போகட்டும், சுவர் தெரியக்கூடாது.

சண்டை மறுபடி தொடங்கி, வாகரைப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடு நடந்தும் தோணி ஏறியும் வந்து சேர்ந்த வருஷம் அது. பட்டணத்தைச் சுற்றி முகாம்கள் முளைத்தன. பணிப்பாளருக்கு அதைக் கண்டதும் யோசனை வந்தது. அடுத்த விரிவுரையின் தலைப்பை ‘இடப்பெயர்வும் மனிதகுலத்தின் எதிர்காலமும்’ என்று மாற்றினார். வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார், மொழிபெயர்ப்பது நான். ஆள் கொண்டுவருவதும் நான்.

அந்த நாட்களில் எங்கள் பகுதியில் சண்டைக்கு ஆள் பிடிக்கப் பலர் அலைந்தார்கள். அவர்கள் துவக்கோடு வந்தார்கள், நான் சாப்பாட்டுப் பார்சலோடு போனேன். வித்தியாசம் அவ்வளவுதான் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வந்திருக்கும்.

காலை எட்டு மணிக்குப் பல்கலைக்கழக பஸ்ஸோடு முகாமுக்குப் போனேன். வாகரைப் பக்கத்துக் கதிரவெளிக் கிராமத்துச் சனம் இருந்த பகுதிக்கு நல்லம்மா என்றொரு பெண் பொறுப்பாக இருந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, குரல் மட்டும் பெரியது. சுனாமி அவருடைய வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோயிற்று. அதற்குப் பதிலாக இரண்டு வருஷம் அலைந்து ஒரு கல்வீடு கட்டுவித்தார். நிலையும் கதவும் போட்டு, பால் காய்ச்சிக் குடிபுகுந்து பதினொரு நாள் அதில் படுத்தார். பன்னிரண்டாம் நாள் ஷெல் விழத் தொடங்கிற்று. கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டவர், முகாமில் பேசும் எல்லாப் பேச்சையும் அந்த வீட்டில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். திரும்பிப் போகும் முதல் தொகுதியில் தன் குடும்பம் இருக்க வேண்டும், அவருக்கு வேறு ஒன்றும் தேவையில்லை. ஆளில்லாத வீடு அதிக நாள் வீடாக இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

“என்ன கூட்டம் சேர்?” என்று கேட்டார்.

“உலகம் முழுக்க மனிசருக்கு வாற பெரிய பிரச்சினைகளைப் பற்றி ஒருத்தர் கதைக்கப் போறார் அக்கா.”

“எங்களுக்கு இரிக்கிற பிரச்சினை போதாதெண்டா?”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “இடம்பெயர்றதைப் பற்றித்தான் இண்டைக்குப் பேச்சு” என்றேன்.

“அதப் பத்தி அவர் எங்களுக்குச் சொல்லித் தரப்போறாரா? நல்லாத்தான் இரிக்கு. வாறதில ஒண்டுமில்ல சேர். ஆனா இண்டைக்கு ஊருக்குப் போற பதிவுக்கு ஆக்கள் வருவாங்க எண்டு ஒரு கதை. குடும்ப அட்டைக்காரர் நேரில நிக்கோணுமாம். நீங்க அட்டைக்காரரத்தானே கேக்கிறீங்க?”

ஆம், அட்டைக்காரரைத்தான் கேட்டேன். நிதியத்துக்குக் குடும்பப் பிரதிநிதிகள் வேண்டும் அல்லவா? அந்த இடத்தில் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். பிரதேச செயலகத்துக்குப் போய், பதிவு இன்றைக்கா என்று கேட்டிருக்க வேண்டும். கால் மணி நேரப் பாதை. நான் போகவில்லை. அதற்குப் பதிலாக அனுபவசாலிபோலச் சிரித்துக்கொண்டு, “அக்கா, அவங்கள் எண்டைக்குச் சொன்ன நாளில வந்திருக்கிறாங்கள்? ஒரு மணிக்குள்ள கொண்டுவந்து விடுறன். நான் பொறுப்பு” என்றேன்.

நல்லம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “படிச்ச ஆள் சொல்லுறீங்க” என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “ஒழும்புங்ககா, மத்தியானச் சோறாவது மிச்சம்” என்றார். நாற்பத்தாறு பேர் ஏறினார்கள். ஒவ்வொருவர் கையிலும் மடியிலும் குடும்ப அட்டை இருந்தது. அட்டையைக் கூடாரத்தில் விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் அரிசி இல்லை, ஆள் என்பதற்கே அத்தாட்சி இல்லை.

மண்டபத்தில் எல்லாம் நம் வழக்கப்படி நடந்தது. பிரதம விருந்தினர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தினார். குத்துவிளக்கின் திரியை மின்விசிறி ஐந்து தடவை அணைத்தது. விசிறியை நிறுத்த வேண்டும் என்பது ஐந்தாவது தடவைக்குப் பிறகுதான் பட்டம் பெற்ற அத்தனை பேருக்கும் தோன்றிற்று. வரவேற்புரை, அறிமுகவுரை, அறிமுகம் செய்தவரைப் பற்றி ஒரு அறிமுகவுரை, எல்லாம் முடிந்து பேராசிரியர் எழும்பியபோது பதினொன்றரை. நல்ல மனிதர், நன்றாகப் படித்தவர். கண்டங்களைப் பற்றியும் நூற்றாண்டுகளைப் பற்றியும் பேசினார். ஒரு வசனம் அவர் சொல்வார், ஒரு வசனம் நான் தமிழில் சொல்வேன். முன்வரிசையில் நிதியத்தின் பிரதிநிதி தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார். நாற்பத்தாறு பேரும் கோயிலில் இருப்பதுபோல அசையாமல் இருந்தார்கள். சுவர் தெரியவில்லை.

பேச்சு பாதிக்கு மேல் போயிருக்கும். பக்கக் கதவால் ஒருவர் வந்தார், நல்லம்மாவின் அடுத்த கூடாரத்துத் தம்பிராசா. சைக்கிளில் வந்திருக்கிறார், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மேடையோரத்தில் நின்று என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“சேர், பதிவுக்கு வந்திட்டாங்க. கூடாரம் கூடாரமா எண்ணிக்கொண்டு வாறாங்க. எங்கட பக்கத்துக்கு வர இன்னும் அரைமணி செல்லும். சனத்த விடுங்க சேர்.”

சரித்திரத்தில் முதல் தடவையாக அரசாங்க உத்தியோகத்தர்கள் சொன்ன நாளில் வந்திருந்தார்கள்.

நான் முன்வரிசையைப் பார்த்தேன். பணிப்பாளருக்கு விஷயம் விளங்கியதோ தெரியாது. அவர் படப்பிடிப்பாளரைச் சுட்டிக் காட்டிக் கையை விரித்தார். சனத்தையும் பேராசிரியரையும் நிதியத்துப் பிரதிநிதியையும் சேர்த்து எடுக்க வேண்டிய படம் இன்னும் எடுக்கவில்லை, அது நினைவுச்சின்னம் கொடுக்கும்போதுதான். நான் குனிந்து தம்பிராசாவிடம், “பத்து நிமிஷம்” என்றேன்.

நல்லம்மா தம்பிராசாவைக் கண்டுவிட்டார். எழும்பினார். அவரோடு பத்துப் பன்னிரண்டு பேர் எழும்பினார்கள். பேராசிரியர் அப்போது ஒரு வசனத்தைச் சொல்லி முடித்து, மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்த்தார். நான் ஒலிவாங்கியில், அவர் சொன்னதைத் தமிழில் சொல்வதுபோல அதே குரலில், “தயவுசெய்து இருங்க, இப்ப முடிஞ்சிரும்” என்றேன்.

இருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் சனம் ஒலிபெருக்கியில் யார் எதைச் சொன்னாலும் செய்து பழகியிருந்தது. இரு என்றால் இருக்கும், வெளியேறு என்றால் வெளியேறும். பேராசிரியர், தன் வசனம் சனத்தை அமைதிப்படுத்திவிட்டதென்று நினைத்து, எனக்குத் தலையசைத்து நன்றி சொன்னார்.

தம்பிமாரே, தங்கைமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. “பேச்சை நிறுத்துகிறோம், இவர்களுக்கு வீடு போகிற பதிவு நடக்கிறது” என்று ஒரு வசனம் சொன்னால் போதும். பேராசிரியரே கைதட்டியிருப்பார். அவருடைய பேச்சே அதைப் பற்றியதுதானே? நிதியத்துக்காரர் பஸ்ஸில் ஏறிக் கூடவே வந்திருப்பார். ஒருவரும் என்னைத் தின்றிருக்க மாட்டார்கள். எனக்கு இதெல்லாம் அன்று மாலையே விளங்கிற்று. மேடையில் நின்றபோது எனக்குத் தெரிந்தது நிகழ்ச்சி நிரல் ஒன்றுதான்.

பேராசிரியர் ‘இறுதியாக’ என்று மூன்று தடவை சொன்னார். பிறகு நன்றியுரை, நினைவுச்சின்னம், படம். படப்பிடிப்பாளருக்கு வெளிச்சம் பிடிக்காமல் இரண்டாவது தடவை எடுத்தார். பத்து நிமிஷம் ஐம்பது நிமிஷமாயிற்று. சாப்பாட்டுப் பார்சலை பஸ்ஸுக்குள் கொடுத்தோம், ஒருவரும் பிரிக்கவில்லை.

முகாமில் இறங்கியபோது பதிவு மேசையைத் தூக்கி வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அட்டைக்காரர் இல்லாத குடும்பங்களுக்கு எதிரே ‘முகாமில் இல்லை’ என்று எழுதியிருப்பதாகத் தம்பிராசா சொன்னார்.

நல்லம்மா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அந்தப் பெரிய குரலைக் காணவில்லை. “அவங்க எங்கட பக்கம் வர அரைமணி இரிக்கக்குள்ளயே தெரியும் உங்களுக்கு” என்றார். “தெரிஞ்சுகொண்டுதான் எங்கள இரி எண்டீங்க. அந்த வெள்ளைக்காரன் சொன்னதெண்டு நினைச்சு நான் இருந்திட்டன் சேர்.”

வெட்கம் என்பது காதில் சூடாக ஏறும் ஒன்று என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

மறுநாள் காலை பிரதேச செயலகத்துக்குப் போனேன், ஒரு நாள் பிந்தி. பதிவுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் களைத்துப்போன மனிதர். “நாற்பத்தாறு குடும்பத்துத் தலைவர் ஒரே நேரத்தில காணாமல் போயிருக்கிறாங்க. எங்க போனவங்க எண்டு எனக்கு எழுத்தில வேணும். இல்லாட்டி மேலிடத்தில காட்டுக்குப் போனாங்க எண்டு நினைப்பாங்க. மறுகா அந்தச் சனத்துக்கு ஊரும் இல்ல, முகாமும் இல்ல” என்றார். காட்டுக்குப் போனவன், இயக்கத்தோடு சேர்ந்தவன் என்ற பெயர் அந்த நாட்களில் ஒருவனை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பணிப்பாளரிடம் ஓடினேன். அவர் உடனே கடிதம் எழுதித் தந்தார். இன்ன நாளில் இன்ன விரிவுரைக்கு மேற்படி பொதுமக்கள் அறிவார்வத்தோடு தாமாக முன்வந்து சமுகமளித்திருந்தனர் என்று அழகான தமிழில் இருந்தது. உத்தியோகத்தர் அதை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். “பதிவு நாளெண்டு தெரிஞ்சும் தாங்களா விருப்பப்பட்டுப் பேச்சுக் கேக்கப் போனவங்களுக்கு நான் என்ன செய்யலாம்?”

திரும்பவும் பணிப்பாளரிடம் போய், நாங்கள் ஏற்றிக்கொண்டு போனதாக எழுதுவோம் என்றேன். அவர் முகம் மாறிற்று. “அப்படி எழுதினா நிதியம் என்ன நினைக்கும்? ஆள் ஏத்தி மண்டபம் நிரப்பினோம் எண்டு ஆகும். இந்தத் தொடரே போயிரும். மனிதகுலத்தின் எதிர்காலத்தையும் யோசிக்க வேணும்.” இதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் நானே எழுதினேன். இவர்கள் தாமாக வரவில்லை, பதிவு நடக்காதென்று சொல்லி நான் ஏற்றிச் சென்றேன், நடக்கிறதென்று அறிந்த பிறகும் ஐம்பது நிமிஷம் இருத்தி வைத்தேன் என்று எழுதி, என் பெயரையும் பதவியையும் போட்டு, வரவுப் பதிவின் பிரதியையும் இணைத்தேன். உத்தியோகத்தர் இரண்டு தடவை வாசித்தார். “இதுதான் கடிதம்” என்றார். “ஆனா கடிதம் மட்டும் காணாது. நீங்களும் வாங்க. ஒவ்வொரு ஆளையும் இவர்தான் எண்டு எனக்கு அடையாளம் காட்டுங்க.” ஆகவே ஒரு முழுநாள் கூடாரம் கூடாரமாக நடந்து, நான் ஏமாற்றிய நாற்பத்தாறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஓம், இவர் என்னோடு இருந்தார் என்று சொன்னேன். இதைவிட நல்ல தண்டனையை எந்த விசாரணைக் குழுவும் கண்டுபிடித்திருக்காது.

பெயர்கள் ஏறின, ஆனால் இரண்டாம் தொகுதியில். முதல் தொகுதி போய் மூன்று வாரத்துக்குப் பிறகுதான் அவர்களுடைய பஸ்கள் புறப்பட்டன. கடிதம் வெளியே தெரிந்ததும் என்னைப் பரீட்சைப் பிரிவுக்கு மாற்றிப் பழைய விடைத்தாள்களுக்குக் காவல் வைத்தார்கள். கிடைக்க வேண்டிய பதவியுயர்வு எனக்குப் பின்னால் வந்தவருக்குப் போயிற்று. இதைத் தியாகம் என்று எண்ணி மாலையோடு வந்துவிடாதீர்கள். ஒரு வசனத்தில் இலவசமாக முடிந்திருக்க வேண்டிய வேலையை நான் தவறவிட்டு, பிறகு அதிக விலைக்கு வாங்கினேன், அவ்வளவுதான்.

நிதியத்துக்குப் போன இறுதி அறிக்கையை விடைத்தாள் அறையில் இருந்தபடி நான் வாசித்தேன். சுவர் தெரியாத அந்தப் படம் அட்டையில் இருந்தது. உள்ளே, ‘விரிவுரையில் பங்குபற்றிய நாற்பத்தாறு குடும்பங்களும் குறுகிய காலத்துக்குள் சொந்த ஊருக்குத் திரும்பியமை இத்தொடரின் குறிப்பிடத்தக்க பெறுபேறாகும்’ என்று எழுதியிருந்தார்கள். மொழிநடை நன்றாகத்தான் இருந்தது.

சண்டை முழுதாக முடிந்த பிறகு, புதிய பணிப்பாளர் ஒருவர் என்னைப் பழைய பிரிவுக்கே கூப்பிட்டார். புதிய தொடர், புதிய நிதியம். ‘போருக்குப் பிந்திய மனிதகுலம்’ என்று பெயர். வாகரைப் பக்கம் எனக்குப் பழக்கம் உண்டென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் தனியாகக் கதிரவெளிக்குப் போனேன். பாதி மன்னிப்புக் கேட்கப் போனேன், பாதி கூட்டத்துக்கு ஆள் வருமா என்று பார்க்கப் போனேன். உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை.

நல்லம்மாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருக்கவில்லை. சுவரும் கூரையும் நின்றன. கதவு இல்லை, நிலையும் இல்லை. நிலை இருந்த இடத்தில் சீமெந்து உடைந்து பல் விழுந்த வாய்போலக் கிடந்தது. வாசலுக்கும் இரண்டு சன்னலுக்கும் பழைய சேலை கட்டியிருந்தார். சேலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டார்.

“வாங்க சேர். இஞ்ச இரிங்க” என்று ஒரு பிளாஸ்டிக் கதிரையை எடுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் கதவைப் பார்ப்பதைக் கண்டுகொண்டார்.

“முதல்ல வந்த சனம் கண்டிருக்கு. கதவு நிலை எல்லாம் நான் பூட்டினபடி இருந்ததாம். மறுகா ரெண்டாம் கிழமைதான் ஆரோ உடைச்சுக் கழட்டிக்கொண்டு போயிருக்காங்க. நாங்க வந்தது மூண்டாம் கிழமை.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை எப்போது வந்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். “திறப்பு இன்னும் எங்கிட்டத்தான் இரிக்கு.”

அப்போதுதான் நான் மன்னிப்புக் கேட்டேன். தயாரித்து வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. “அக்கா, நான் செய்தது பெரிய பிழை” என்று மட்டும் சொன்னேன். கண் கலங்கிவிட்டது. கூட்டத்துக்கு ஆள் கேட்பதென்ற எண்ணம் அந்த இடத்திலேயே செத்தது.

“அத விடுங்க சேர். நடந்தது நடந்திட்டு. நீங்க எழுதிக் குடுத்த கடிதத்தால உங்களுக்கு வேலையில கரைச்சல் வந்ததெண்டும் கேள்விப்பட்டன்.” பிறகு, உண்மையாகவே அறியும் ஆசையோடு என் பக்கம் திரும்பினார். “ஒண்டு கேக்கோணும் எண்டு கனநாளா இருந்தன். அண்டைக்குத் தம்பிராசா வந்ததோட எனக்கு ஒண்டும் காதில ஏறல்ல. அந்த மனிசன் என்னதான் சொன்னவர்? எங்களப் போல ஆக்களுக்கு இனி என்ன நடக்கும் எண்டு சொன்னவரா? ஒரு வீட்டுக் கதவு போயிரிக்கு. என்ன கதைச்சாரெண்டாவது தெரிஞ்சிரிக்கலாம்.”

நான் யோசித்தேன். அந்தப் பேச்சின் ஒவ்வொரு வசனமும் என் வாயால் தமிழில் வந்தது. கண்டங்கள் ஞாபகம் வந்தன, நூற்றாண்டுகள் ஞாபகம் வந்தன, மூன்று ‘இறுதியாக’ ஞாபகம் வந்தது. எப்படித் தேடியும் முழுசாக ஒரு வசனம் அகப்படவில்லை.

“எனக்கும் ஞாபகம் இல்லை அக்கா” என்றேன்.

நல்லம்மா என்னை நம்பாதவர்போலப் பார்த்தார்.

“அப்ப அண்டைக்கு அவர் கதைச்சத ஒருத்தருமே கேக்கல்லையா சேர்?”

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.